நாற்பது துளை அட்டைகள்: ஒரு சைஸ்மிக் கோப்பு வடிவத்தின் வரலாறு

பழைய சைஸ்மிக் கோப்பு ஒன்றைக் கணினியில் சாதாரண எழுத்து மென்பொருளால் திறந்து பார்த்தால் முதல் பக்கம் முழுக்க ‘@’ குறிகள் கொட்டிக் கிடக்கும். நடுநடுவே மேற்கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். ஒரு சொல்கூடத் தேறாது. வேலைக்குப் புதியவர்கள் கோப்பு கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவார்கள். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதப்பட்டது. அதில் வெற்றிடத்துக்கு உரிய எண் 64. இன்றைய கணினிகளுக்குப் பழக்கமான ஆஸ்கி குறியீட்டிலோ 64 என்றால் ‘@’. சொற்களுக்கு இடையில் விட்ட வெற்றிடமெல்லாம் அப்படித்தான் ‘@’ ஆகிவிடுகிறது.

பூமிக்கு அடியில் பாறைகள் எப்படி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன என்பதைப் படமாகக் காட்டும் தரவு, எண்ணெய்த் தொழிலில் இத்தகைய கோப்புகளில்தான் கைமாறுகிறது. இந்த வடிவத்துக்குச் செக்-ஒய் என்று பெயர். அதை ஆய்வு மென்பொருளில் ஏற்றுவது கேட்பதற்கு எளிய வேலை. ஒரு கோப்பு சில நிமிடங்களில் ஏறிவிடும். அடுத்தது நாள்கணக்கில் இழுத்தடிக்கும். கடலில் எடுத்த தரவு வரைபடத்தில் எங்கோ ஒரு பாலைவனத்தில் போய் விழும். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பு ஒற்றைக் கோடாகச் சுருங்கும். உடனே பழி மென்பொருள் மீது விழும். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த மென்பொருளைவிட வயதில் மூத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த வருடம் உண்டு.

கதை அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் தொடங்குகிறது. ஜான் கிளாரன்ஸ் கார்ச்சர் என்ற இயற்பியலாளர், முதல் உலகப் போரின்போது எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்பதை அதன் ஒலியைப் பதிந்து கணிக்கும் ஆய்வில் ஈடுபட்டவர். அதே வித்தையைத் தரைக்குள் திருப்பினால் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வைப் பிடிக்கலாம் என்பது அவருடைய யோசனை. 1921 ஜூன் மாதம் ஒக்லஹோமா சிட்டியின் ஓரத்தில் வெடி வைத்துச் சோதித்தார்கள். ஆகஸ்டில் ஆர்பக்கிள் மலைப்பகுதியில் வைன்ஸ் பிராஞ்ச் என்ற இடத்தில், இந்த முறையால் கிடைத்த முதல் நிலத்தடிக் குறுக்குவெட்டுப் படம் உருவானது. எண்ணெய் விலை சரிந்ததால் அந்த முயற்சி அப்போதைக்கு நின்றுபோனது. 1930-இல் கார்ச்சரும் யூஜின் மெக்டெர்மட்டும் ஜியோஃபிசிக்கல் சர்வீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக வளர்ந்தது அந்த நிறுவனம்தான்.

முதல் முப்பது ஆண்டுகள் எல்லாப் பதிவும் ஒளிப்படத்தாளில். நெளிநெளியாக ஓடும் கோடுகளை மேசையில் விரித்து, அளவுகோலும் பென்சிலுமாகப் படிப்பார்கள். தாள் மங்கலாம், கிழியலாம். எந்த ஊரில் பிரித்தாலும் படிக்க மட்டும் முடிந்தது. 1950-களில் காந்த நாடா வந்தது. அதே காலத்தில் எம்.ஐ.டி.யில் எண்டர்ஸ் ராபின்சன் முதலானவர்கள், சைஸ்மிக் பதிவை எண்களாக்கினால் இரைச்சலைக் கணக்குப் போட்டே களையலாம் என்று காட்டினார்கள். 1960-களில் பதிவு எண்முறைக்கு மாறியது. நாடாவில் எண்களை எந்த வரிசையில் எழுதுவது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. நிறுவனத்துக்கு ஒரு விடை இருந்தது.

அமெரிக்காவில் 1930-இல் தொடங்கிய புவி இயற்பியலாளர் சங்கமான எஸ்.இ.ஜி., இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1967-இல் செக்-ஏ, செக்-பி என்ற வடிவங்களைப் பரிந்துரைத்தது. 1972-இல் செக்-சி வந்தது. இவை களத்தில் பதிவதற்கானவை. களக் கருவி எழுதும் முறை பந்தி பரிமாறுவதைப் போன்றது: முதலில் எல்லா இலைக்கும் கூட்டு, பிறகு எல்லா இலைக்கும் பொரியல். அதாவது தரையில் ஊன்றிய ஜியோபோன் என்ற அதிர்வு உணரிகள் எல்லாவற்றின் முதல் அளவும் சேர்ந்து வரும். பிறகு எல்லாவற்றின் இரண்டாவது அளவும். ஆய்வாளருக்கு வேண்டியதோ ஓர் இலையில் விழுந்த பண்டம் முழுவதும் ஒரே இடத்தில். ஒரு ஜியோபோனின் பதிவு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சரமாக இருக்க வேண்டும். அந்தச் சரத்துக்குத்தான் ட்ரேஸ் என்று பெயர். அப்படிப் பிரித்து அடுக்கிய தரவை நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்க ஒரு வடிவம் தேவைப்பட்டது. பாரி, கேவர்ஸ், நீல் ஆகிய மூவர் எழுதிய பரிந்துரை 1975-இல் சங்கத்தின் இதழில் வெளியானது. செக்-ஒய் வந்தது அப்படித்தான்.

அதன் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

கோப்பின் தலையில் 3,200 பைட் எழுத்துப் பகுதி. அது நாற்பது வரி, வரிக்கு எண்பது எழுத்து. இந்த எண்பது, ஐ.பி.எம். துளை அட்டையின் அகலம். தரவைப் பற்றிய குறிப்புகளை நாற்பது அட்டைகளில் துளையிட்டு, அவற்றின் பிம்பத்தை அப்படியே நாடாவின் தலையில் எழுதினார்கள். வரிதோறும் முதலில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தும் வரிசை எண்ணும் இருக்கும். அடுத்து 400 பைட் எண் பகுதி: எத்தனை மைக்ரோ வினாடிக்கு ஓர் அளவு, ஒரு ட்ரேஸில் எத்தனை அளவுகள், எண்கள் எந்த வகை என்ற விவரங்கள். அதன்பின் ட்ரேஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றின் முன்னாலும் 240 பைட் தலைப்பு உண்டு. எழுத்து எப்சிடிக், பதின்ம எண்கள் ஐ.பி.எம். பாணி, பெரிய இலக்கம் முதலில். மூன்றும் 1964-இல் வெளிவந்த ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினியின் வழக்கங்கள். அன்று பெரிய நிறுவனங்களில் ஆட்சி செய்தது அந்தக் கணினிக் குடும்பம்தான். அரை அங்குல நாடாவின் 2,400 அடி நீளச் சுருளில் அங்குலத்துக்கு 1,600 எழுத்து வீதம் இடைவெளி விடாமல் எழுதினாலும் 46 மெகாபைட்தான் கொள்ளும். அந்தச் சிக்கன காலத்தில், இவ்வளவு எளிமையாகவும் முழுமையாகவும் ஒரு வடிவத்தை உருவாக்கியது பெரிய சாதனை. அரை நூற்றாண்டு கடந்தும் அது வழக்கில் இருப்பதற்கு அந்த எளிமைதான் காரணம்.

அதே எளிமையில் ஓர் ஓட்டையும் இருந்தது. ட்ரேஸ் தலைப்பின் 240 பைட்களில் 181 முதல் 240 வரை எதற்கும் ஒதுக்கவில்லை. அவரவர் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ள விட்டுவிட்டார்கள். 1975-இல் அது பெருந்தன்மை. ஒரு கோட்டின் மீது வரிசையாக எடுக்கும் இருபரிமாணத் தரவுக்கு மற்ற இடங்களே தாராளமாகப் போதும்.

இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1967-இல், பின்னாளில் எக்ஸான் ஆன நிறுவனம் ஹூஸ்டன் அருகே ஃபிரெண்ட்ஸ்வுட் எண்ணெய் வயலில் முப்பரிமாண ஆய்வைச் செய்து பார்த்திருந்தது. 1980-களில் அந்த முறை எங்கும் பரவியது. முப்பரிமாணத் தரவில் ஒவ்வொரு ட்ரேஸுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: நீளவாக்கில் எத்தனையாவது கோடு, குறுக்குவாக்கில் எத்தனையாவது. இன்லைன், கிராஸ்லைன் என்று சொல்வார்கள். வடிவத்தில் இவற்றுக்கென்று எந்த இடமும் ஒதுக்கவில்லை. ஒருவர் 9-ஆம் பைட்டில் இன்லைனையும் 21-ஆம் பைட்டில் கிராஸ்லைனையும் வைத்தார். இன்னொருவர் 181-க்குப் பிறகு இருந்த காலி இடத்தில் வைத்தார். எஸ்.இ.ஜி. இவற்றுக்கு 189, 193 என்று முறையான முகவரி கொடுத்தது 2002-இல் வந்த முதல் திருத்தத்தில்தான். இடையில் 27 ஆண்டுகள். அந்தக் காலத்தில் உலகெங்கும் எடுத்த முப்பரிமாணத் தரவெல்லாம் ஆளுக்கொரு முகவரியில் பதிந்து கிடக்கிறது. மென்பொருள் 189-ஐத் தேடும். அங்கே பூஜ்யம்தான் இருக்கும். ஒரு வயல் முழுவதும் ஒற்றைக் கோடாகச் சுருங்குவது இப்படித்தான்.

இதற்கு அனுபவசாலிகள் செய்யும் வைத்தியம் நேரடியானது. அடுத்தடுத்த சில நூறு ட்ரேஸ் தலைப்புகளைப் பட்டியலாகப் போட்டு, ஒவ்வொரு பைட் இடத்திலும் எண் எப்படி நகர்கிறது என்று பார்ப்பார்கள். ஓர் இடத்தில் எண் ஒன்றொன்றாக ஏறிவந்து, திடீரென்று தொடக்க எண்ணுக்கே திரும்பும். அதே நொடியில் வேறோர் இடத்தில், அதுவரை அசையாமல் நின்ற எண் ஒன்று கூடும். முதலாவது கிராஸ்லைன், இரண்டாவது இன்லைன் என்று அநேகமாகத் துணிந்து சொல்லலாம். எந்த ஆவணமும் கைவசம் இல்லாதபோது தரவே தன் முகவரியைச் சொல்லிவிடுகிறது.

1980-களில் இன்னொரு மாற்றமும் நடந்தது. தாளில் வண்ணப் பென்சிலால் அடுக்குகளை வரைந்துகொண்டிருந்தவர்கள் கணினித் திரைக்கு மாறினார்கள். 1982-இல் ஹூஸ்டனில் தொடங்கிய லேண்ட்மார்க் கிராஃபிக்ஸ் இந்த மாற்றத்தின் முன்னோடிகளில் ஒன்று. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆண்டி ஹில்டிபிராண்ட் பின்னர் எண்ணெய்த் தொழிலை விட்டு இசைக்குப் போய், 1997-இல் ஆட்டோ-டியூன் மென்பொருளை வெளியிட்டார். பாடகரின் சுருதியைத் திருத்த உலகெங்கும் பயன்படும் அந்தக் கருவிக்குப் பின்னால், சைஸ்மிக் அலையை அலசிப் பழகிய ஒருவரின் கணித அறிவு இருக்கிறது.

புதிய கணினிகள் ஐ.பி.எம். பாணி எண்களைக் கைவிட்டு, 1985-இல் தரப்படுத்தப்பட்ட ஐ.இ.இ.இ. முறைக்கு மாறின. இரண்டு முறையிலும் ஓர் எண்ணுக்கு நான்கு பைட்தான். உள்ளே கணக்கு வேறு: ஒன்று 16-இன் அடுக்குகளில் ஓடுகிறது, மற்றது 2-இன் அடுக்குகளில். ஐ.பி.எம். முறையில் எழுதிய 1-ஐ ஐ.இ.இ.இ. என்று நினைத்துப் படித்தால் 9 வரும். 100-ஐப் படித்தால் 57 வரும். சிறியது பெருக்கிறது, பெரியது சுருங்குகிறது. நூறு மடங்கு வித்தியாசம் ஆறு மடங்காகத் தேய்ந்துவிடுகிறது. இந்தத் தொழிலின் கோளாறுகளில் மிக ஆபத்தானது இது. காரணம், திரையில் படம் வரும். அடுக்குகள் தெரியும், பிளவுகள் தெரியும். ஏதோ தவறு என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அலையின் வலுவைப் பார்த்து இங்கே எரிவாயு இருக்கலாம் என்று கணிக்கும் முறை 1970-களிலேயே வேரூன்றிவிட்டது. பிரகாசமாகத் தெரிய வேண்டிய அடுக்கு மங்கினால் கிணறு தோண்டும் முடிவே மாறிப்போகும். இத்தனைக்கும் எண் வகையைச் சொல்ல 400 பைட் பகுதியில் ஒரு குறி உண்டு: 1 என்றால் ஐ.பி.எம்., 5 என்றால் ஐ.இ.இ.இ. அந்த 5 முறைப்படி வந்ததும் 2002-இல்தான். அதற்கு முன் புதிய முறையில் எண்களை எழுதியவர்களில் சிலர் குறியை மட்டும் 1 என்றே விட்டுவிட்டார்கள்.

பைட் வரிசை மாறுவது இவ்வளவு மோசமில்லை. இன்டெல் கணினிகள் சிறிய இலக்கத்தை முதலில் வைக்கும். செக்-ஒய் பெரியதை முதலில் வைக்கும். 2,000 மைக்ரோ வினாடி என்று எழுதியதை மாற்றிப் படித்தால் 53,255 வரும். பார்த்தவுடனே பிழை புரிந்துவிடும். 2017-இல் வந்த இரண்டாம் திருத்தம் இதற்கும் ஒரு வழி செய்தது. 1,69,09,060 என்ற எண்ணைத் தலைப்பில் எழுதிவைத்தால், மென்பொருள் அதைப் படித்துப் பார்த்தே வரிசையைத் தெரிந்துகொள்ளும். அந்த எண்ணின் நான்கு பைட்களும் 1, 2, 3, 4 என்று வரிசையாக நிற்பவை.

எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் கோப்பு கலைந்துவிடும். ஆறு வினாடிப் பதிவை 4 மில்லி வினாடிக்கு ஒருமுறை அளந்தால் 1,500 அளவுகள். பூஜ்ய நேர அளவையும் சேர்த்துக்கொண்டவர் 1,501 எழுதியிருப்பார். தலைப்பில் 1,500 என்று இருந்து உள்ளே 1,501 இருந்தால், ஒவ்வொரு ட்ரேஸும் நான்கு பைட் நழுவும். முதல் ட்ரேஸ் சரியாக வரும். போகப்போக அலையும் தலைப்பும் ஒன்றில் ஒன்று கலந்து படம் சிதறிப்போகும். இதைக் கண்டுபிடிக்கக் கோப்பின் மொத்த நீளம் போதும். அதில் 3,600-ஐக் கழித்து, ஒரு ட்ரேஸின் நீளத்தால் வகுக்க வேண்டும். 1,500 அளவுக்கு அந்த நீளம் 6,240 பைட், 1,501-க்கு 6,244. எதில் மீதியின்றி வகுபடுகிறதோ அதுவே சரியான எண்ணிக்கை. எந்தப் புதிய மென்பொருளும் இந்தக் கணக்கைவிட நம்பகமானதில்லை.

இனி, பாலைவனத்தில் போய் விழும் கடல். தலைப்பில் ஆயத்தொலைகள் முழு எண்களாகத்தான் இருக்க வேண்டும். தசமப் புள்ளிக்கு இடமில்லை. 4,56,789.12 மீட்டர் என்பதை 4,56,78,912 என்று எழுதிவிட்டு, 71-ஆம் பைட்டில் கழித்தல் 100 என்று குறிப்பார்கள். கழித்தல் குறி இருந்தால் வகுக்க வேண்டும் என்று பொருள். அந்தக் கழித்தல் 100-ஐ எழுத மறந்தாலோ, படிக்க மறந்தாலோ வயல் நூறு மடங்கு தூரத்தில் போய் உட்காரும். இதுவும் கண்ணில் பட்டுவிடும் பிழைதான்.

கண்ணில் படாதது அடுத்தது, அதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவரும் அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட்டும் அளந்த அளவுகளிலிருந்து பூமியின் வடிவத்துக்கு ஒரு கணிதம் பிறந்தது. அதற்கு எவரெஸ்ட் 1830 என்று பெயர். இந்தியாவின் பழைய நிலப்படங்களும் பழைய சைஸ்மிக் கோடுகளும் அந்தக் கணக்கில் அமைந்தவை. இன்றைய ஜி.பி.எஸ். கருவி பின்பற்றுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. ஒன்றை மற்றொன்று என்று எடுத்துக்கொண்டால், காவிரிப் படுகையில் ஒரு புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். 25 மீட்டர் இடைவெளியில் கோடுகள் ஓடும் தரவில் அது நான்கு கோட்டுக்கும் அதிகம். கிணறு ஓரிடத்திலும் அதன் அடியில் இருக்க வேண்டிய பாறை மடிப்பு வேறிடத்திலும் தெரியும். வரைபடத்தில் ஊர் சரி, ஆறு சரி. அதனால்தான் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்துகொள்கிறது.

இந்த எல்லாக் குழப்பத்துக்கும் மருந்து கோப்பின் தலையிலேயே இருந்தது. அந்த நாற்பது வரிகள் மனிதர் மனிதருக்கு எழுதுவதற்கென்றே ஒதுக்கியவை. யாருக்காக எடுத்தது, எந்தப் பகுதி, எந்தக் கருவி, என்னென்ன கணக்குகள் செய்தோம், எந்த பைட்டில் எது இருக்கிறது என்று அக்கறையோடு எழுதிவைத்த குழுக்கள் உண்டு. அவர்களுடைய தரவு நாற்பது ஆண்டு கழித்தும் தடையின்றி ஏறுகிறது. வெறும் ‘சி 1’, ‘சி 2’ என்ற வரிசை எண்களோடு மற்றதைக் காலியாக விட்டுப் போனவர்களின் கோப்பைத் திறப்பவர் துப்பறிய வேண்டியிருக்கிறது. முந்தைய கோப்பின் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது இன்னும் கெடுதல். காலி இடம் பொய் சொல்லாது, பழைய குறிப்பு சொல்லும்.

கடந்த பல ஆண்டுகளில் இந்த வேலைக்குத் திறந்த கருவிகள் வந்துவிட்டன. கொலராடோ சுரங்கக் கல்லூரியில் வளர்ந்த சைஸ்மிக் யூனிக்ஸ், தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கைகொடுத்தது. அது தன் உள்வடிவத்தில் 3,200, 400 ஆகிய இரு பகுதிகளையும் நீக்கிவிடும்; ஆகவே அதிலிருந்து வந்த கோப்பு மற்ற மென்பொருளில் ஏறாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது தலை இருக்கிறதா என்பதை. நார்வேயின் எக்வினார் நிறுவனம் செக்யியோ என்ற பைத்தான் நூலகத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. வட கடலில் தான் மூடிவிட்ட வோல்வே வயலின் தரவை 2018-இல் பொதுவில் வைத்தது. கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டிலிருந்தே உண்மையான கோப்பில் கைபழகலாம் என்ற நிலைக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் இந்தத் தரவின் பெரும்பகுதி, எண்ணெய் தேடும் அரசு அமைப்பான ஓ.என்.ஜி.சி.யின் காலத்தில் சேர்ந்தது. அந்த அமைப்பு 1956-இல் தொடங்கியது. 1960-களில் அகடமிக் அர்கங்கெல்ஸ்கி என்ற சோவியத் கப்பல் அரபிக்கடலில் செய்த சைஸ்மிக் ஆய்வு, 1974-இல் பம்பாய் ஹையில் எண்ணெய் கிடைக்க வழிவகுத்தது. 1960-களிலேயே காவிரிப் படுகையிலும் ஆழ்கிணறு தோண்டத் தொடங்கிவிட்டார்கள். தாள், காந்த நாடா, எண்முறை நாடா, வட்டு என்று ஒவ்வொரு தலைமுறைப் பதிவும் நாட்டில் சேர்ந்திருக்கிறது. 2017-இல் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககம் தேசியத் தரவுக் களஞ்சியத்தைத் தொடங்கி, பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தவற்றை ஓரிடத்தில் சேர்த்து வருகிறது.

காவிரி டெல்டாவைப் பொறுத்தவரை இந்தப் பழைய பதிவுகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2020-இல் தமிழ்நாடு அரசு அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. வயல்களில் குழி தோண்டி வெடிவைத்துப் பதிந்த பழைய கோடுகளை எண்ணெய் நிறுவனங்கள் மறுபடி எடுக்கப்போவதில்லை. அந்த மண்ணுக்கு அடியில் கிலோமீட்டர்கணக்கான ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அறிய, பிளவுகளையோ ஆழமான நீர்தாங்கிப் பாறைகளையோ பற்றி நாளை ஒருவர் கேள்வி கேட்க, அந்தப் பதிவுகள்தான் ஆதாரம். அவை ஏறாமல் போனால் ஈடுசெய்ய வழி கிடையாது.

ஆகவே இன்று ஒரு செக்-ஒய் கோப்பை எழுதி இன்னொருவர் கையில் கொடுக்கும் ஒவ்வொருவரும், அந்த நாற்பது வரிகளில் ஐந்தையாவது நிரப்ப வேண்டும்: இன்லைன் எந்த பைட், கிராஸ்லைன் எந்த பைட், ஆயத்தொலை எந்த பைட், அது எந்த நிலவடிவக் கணக்கில் அமைந்தது, அலையின் எண்கள் எந்த வகை. எழுதுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பழைய கோப்புகளைப் பாடுபட்டுத் திறந்தவர்களும், கண்டறிந்த விவரத்தைத் தங்கள் குறிப்பேட்டோடு நிறுத்தாமல் கோப்பின் தலையிலேயே எழுதிவிட வேண்டும்.